தாம்பரத்தில் சூரியன், கடற்கரையில் நெப்டியூன்!

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போய்விடவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் வந்தது சங்கடம்! சோற்றை விழுங்கியதும் கேள்வி கிளம்பிவிடுகிறது.

"அம்மா, நிலா எவ்வளவு தூரம்?"

"ரொம்ப தூரம், கண்ணா."

"ரொம்ப தூரம்னா? பாட்டி ஊர் மாதிரியா?"

"அதைவிட ரொம்ப தூரம். வாயைத் திற!"

அதற்கு மேல் கேட்டால், "அப்பாவைக் கேள்" என்கிறோம். அப்பா, "மிஸ்ஸைக் கேள்" என்கிறார். மிஸ்ஸுக்கோ பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம். நாலு இடத்தில் கேட்டுப் பதில் கிடைக்காத குழந்தை ஐந்தாவது தடவை கேட்பதில்லை. அத்துடன் அந்தக் கேள்வி செத்துப் போகிறது. சகோதரிகளே, இது சின்ன நஷ்டம் அல்ல.

நிலா 3,84,400 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண் குழந்தையின் மனத்தில் மட்டுமல்ல, நம் மனத்திலும் ஒட்டாது. ஆகவே, ஒரு காரியம் செய்வோம். சூரியனையும் கிரகங்களையும் சுருக்கி, நமக்குப் பழக்கமான ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவோம். எந்த இடம் என்கிறீர்களா? 1931ஆம் ஆண்டிலிருந்து மின்சார ரயில் ஓடும் தாம்பரம்–கடற்கரைப் பாதைதான்! குழந்தைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு புறப்படலாம்.

எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும்

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் சுமார் 15 கோடி கிலோ மீட்டர். அதை ஒரே ஒரு கிலோ மீட்டராகச் சுருக்கிவிடுவோம். இதுதான் நம் கணக்கு.

தாம்பரம் ஸ்டேஷனில் சூரியனை வைக்கிறோம். அதன் குறுக்களவு ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம். ரயில் கிளம்பி 400 மீட்டர் போவதற்குள் ஒரு நெல்லிக்காய் தெரிகிறது. அது புதன். 700 மீட்டர் தாண்டியதும் ஒரு சாத்துக்குடி. அது சுக்கிரன். ஒரு கிலோ மீட்டரில் இன்னொரு சாத்துக்குடி. வணக்கம் சொல்லுங்கள், அதுதான் நம் பூமி! இமயமலை, வங்காள விரிகுடா, உங்கள் மாமியார் வீடு எல்லாம் அந்தச் சாத்துக்குடிக்குள் அடக்கம்.

நிலா எங்கே? அந்தச் சாத்துக்குடியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு பெரிய கோலிக்குண்டாக இருக்கிறது. ஒரு புடவையின் பாதி நீளம்கூட இல்லை. 1969லிருந்து 1972 வரை பன்னிரண்டு மனிதர்கள் நிலாவில் நடந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி நம் சந்திரயான்-3 அங்கே இறங்கியது. நாம் பார்த்துக் கைதட்டிய அந்தப் பிரயாணமெல்லாம் இந்தக் கணக்கில் அரைப் புடவை தூரம்தான்!

சானடோரியம் ஸ்டேஷனை நெருங்கும்போது ஓர் எலுமிச்சம்பழம். அது செவ்வாய். 2013 நவம்பரில் கிளம்பிய மங்கள்யான் 2014 செப்டம்பரில் இந்த எலுமிச்சம்பழத்தைப் போய்ச் சேர்ந்தது. முதல் முயற்சியிலேயே வெற்றி!

இதுவரை சட்சட்டென்று வந்த கிரகங்கள் இனி லேசில் வரமாட்டா. குரோம்பேட்டை தாண்டி, பல்லாவரம் வருவதற்குச் சற்று முன்பு, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான குண்டு உருண்டை ஒன்று நிற்கிறது. அவர்தான் குரு என்கிற வியாழன். மீனம்பாக்கம், பழவந்தாங்கல் பக்கம் சனி பகவான் வளையத்துடன் காட்சி தருகிறார். பிறகு பரங்கிமலை போகிறது, கிண்டி போகிறது, சைதாப்பேட்டை போகிறது. ஒன்றையும் காணோம். மாம்பலத்தைத் தாண்டும்போது ஒரு பூசணிக்காய். அது யுரேனஸ். அப்புறம் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாவற்றையும் கடந்து கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் இன்னொரு பூசணிக்காய், நெப்டியூன். 2006ல் கிரகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பாவம் புளூட்டோவைப் பார்க்கவேண்டுமானால் இன்னும் வடக்கே, திருவொற்றியூர் பக்கம் தேடவேண்டும்.

இவ்வளவு நீளமான பாதையில் இருப்பது சில பழங்களும் காய்களும்தான். மற்றதெல்லாம் வெறும் வெட்டவெளி. ஆகாயத்தைப் பற்றிய முதல் ஆச்சரியம் இதுதான்: அங்கே அதிகமாக இருப்பது ஒன்றுமில்லாமைதான்!

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். உலகத்திலேயே மிக வேகமானது ஒளி. விநாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர். நம் ரயில் பாதைக் கணக்கில் அது விநாடிக்கு இரண்டே இரண்டு மீட்டர்தான் நகரும். ஸ்டேஷனுக்குப் பிந்தி வந்த மனிதர் அரை ஓட்டம் ஓடுகிறாரே, அந்த வேகம்! சூரியனிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. கடற்கரைக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம். மின்சார ரயில் ஒளியைத் தோற்கடிக்கும் ஒரே இடம் இந்தக் கணக்குதான்.

"அப்படியானால் அடுத்த நட்சத்திரம் எந்த ஸ்டேஷனில்?" என்று குழந்தை கேட்கும். கேட்க வேண்டும். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் பெயர் பிராக்சிமா. அங்கிருந்து ஒளி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் கணக்கில் அதை வைக்க, ரயிலில் ஏறி உலகத்தையே ஆறரைத் தடவைக்கு மேல் சுற்றவேண்டும். ஆகவே, அந்த டிக்கெட்டை இப்போது வாங்கவேண்டாம்.

எட்டு வயதுக் கிழவி

புதன் சூரியனை ஒரு தடவை சுற்றிவர 88 நாள் போதும். அங்கே அதுதான் ஒரு வருஷம். உங்கள் எட்டு வயதுப் பெண் புதன் கிரகத்தில் இருந்தால் அவளுக்கு வயது 33! நெப்டியூனில் ஒரு வருஷம் என்பது நமக்குச் சுமார் 165 வருஷம். 1846ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கிரகம், 2011ல்தான் முதல் சுற்றை முடித்தது. அங்கே போனால் நம்மில் ஒருவருக்கும் முதல் பிறந்த நாளே வராது. கேக் செலவு மிச்சம்.

சுக்கிரனின் போக்கு இன்னும் விசித்திரம். அது சூரியனைச் சுற்ற 225 நாள். தன்னைத்தானே ஒரு தடவை சுற்றிக்கொள்ள 243 நாள். அதுவும் நம் பூமி சுழலும் திசைக்கு எதிர்த் திசையில். ஆகவே அங்கே சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறைவான். "இன்றைக்குச் சூரியன் மேற்கே உதித்ததோ?" என்று வழக்கத்துக்கு மாறாக வேலை செய்யும் பிள்ளையைக் கேலி செய்கிறோமே, சுக்கிரனில் அந்தக் கேலி செல்லாது.

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்க ஆள் தேடுகிறோம். நிலாவில் அது நாலு கிலோவைப் போலத்தான் இருக்கும். அங்கே இழுப்புச் சக்தி பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. நிலாவில் உள்ளது போன்ற மண்ணுக்கு நம் விஞ்ஞானிகள் எங்கே போனார்கள் தெரியுமா? நாமக்கல் ஜில்லாவுக்கு! சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைகள் நிலாவின் மேட்டுப் பகுதிப் பாறையை ஒத்தவை. அவற்றைப் பொடி செய்து, நிலா மண் போலப் பரப்பி, அதன்மேல்தான் சந்திரயான் வண்டிகளைப் பரீட்சை பார்த்தார்கள்.

பஞ்சாங்கத்துக்குள் வானசாஸ்திரம்

ஆகாய விஷயமெல்லாம் படித்தவர்கள் சமாசாரம் என்று ஒதுங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பாதி அதுதான்.

ஏழரை நாட்டுச் சனி என்கிறோம். அது என்ன ஏழரை? சனி சூரியனைச் சுற்றிவர சுமார் இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. அந்தச் சுற்றைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்தால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை! ஜோசியத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கணக்கு மட்டும் சுத்தமான கணக்கு. சனியைக் கண்டு பயப்படும் குழந்தைக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: சனி அளவில் பெரிதே தவிர, தண்ணீரைவிட லேசான பொருள். அதைப் போடும் அளவுக்கு ஒரு குளம் இருந்தால், மிதக்கும்!

குருவுக்குச் சுற்றிவரச் சுமார் 12 வருஷம். ஆகவேதான் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவதும், குரு சிம்ம ராசிக்குத் திரும்பிவருவதை வைத்துத்தான். 2016ல் மகாமகக் குளத்தில் முழுகியவர்கள், பல்லாவரத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் அந்தக் குண்டு உருண்டையின் கடிகாரப்படிதான் முழுகினார்கள்!

ஜென்ம நட்சத்திரம் என்ன என்று கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுகிறோம். அதை வானத்தில் காட்டச் சொன்னால்? கார்த்திகை தீபத்தன்று மாடியில் அகல் வைக்கும்போது நிமிர்ந்து பாருங்கள். முழு நிலாவுக்குப் பக்கத்தில் கொத்தாகச் சில சிறு நட்சத்திரங்கள் இருக்கும். அவைதான் கார்த்திகை. மார்கழியில் திருவாதிரைக் களி கிண்டும் நாளில் நிலாவின் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் மின்னும். அதுதான் திருவாதிரை. அதை எடுத்துவந்து நம் தாம்பரம் சூரியனுக்குப் பதிலாக வைத்தால், புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் நாலையும் விழுங்கிவிட்டுச் சானடோரியத்தையும் தாண்டிப் போய் நிற்கும். அவ்வளவு பெரிது! கைப்பிடிக் களிக்குப் பின்னால் எப்பேர்ப்பட்ட சமாசாரம் இருக்கிறது பாருங்கள்.

ஜன்னல் ஓரத்தில் சரித்திரம்

ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் குழந்தைகளை உட்கார வையுங்கள். பார்க்கவேண்டியவை இன்னும் உண்டு.

பரங்கிமலை வருகிறதல்லவா? 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர், அந்த மலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலி போட்டு, அங்குலம் பிசகாமல் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் சர்வேக்கு ஆதாரக் கோடு அதுதான். பூமியின் உருவம் எப்படி என்பதைத் தெரிந்துகொள்வதும் அவருடைய நோக்கம். பூமி கச்சிதமான பந்து அல்ல. இடுப்புப் பக்கம் 43 கிலோ மீட்டர் பெருத்திருக்கிறது! அதே சர்வே வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போய், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் கணக்கிட்டது.

நுங்கம்பாக்கத்தில் 1792லிருந்து ஒரு வானிலைக்கூடம்—நட்சத்திரம் பார்க்கும் கூடம்—இருந்தது. தமிழ் உள்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே வேலை பார்த்த போக்சன் 1861ல் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏஷியா' என்று பெயரிட்டார். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அத்துடன் நிற்கவில்லை. 1874ல் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்லும் காட்சி வரப்போகிறது என்றதும், சாதாரண ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்று அதைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதினார்.

அந்தக் கூடத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த 'சென்னை நேரம்' அந்நாளில் இந்தியாவில் ரயில்களுக்கெல்லாம் நேரமாக இருந்தது. 1906ல்தான் இந்தியாவுக்கு ஒரே பொது நேரம் வந்தது. நாம் ஓடி ஓடிப் பிடிக்கிற ரயிலுக்கும் நட்சத்திரத்துக்கும் அப்படி ஓர் உறவு!

குழந்தையின் கையில் உயரே உயரே இழுக்கும் பலூன் இருந்தால் இதையும் சொல்லலாம். அதில் இருக்கும் ஹீலியம் வாயு முதலில் அகப்பட்டது பூமியில் அல்ல, சூரியனில்! 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி பூரண சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் லாக்யர் என்பவரும் பார்த்தார். அந்த ஒளியில் இருந்த ஒரு மஞ்சள் கோடு, தெரிந்த பொருள் எதற்கும் பொருந்தவில்லை. சூரியனுக்குக் கிரேக்கத்தில் ஹீலியோஸ் என்று பெயர். ஆகவே அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது கிடைத்தது 1895ல்தான்.

நம் பேட்டைப் பிள்ளைகள் செய்தவை

"இதெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் செய்கிற வேலை" என்று குழந்தை நினைத்துவிடக் கூடாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைக் காட்டுங்கள். அப்துல் கலாம் 1950களில் விமான என்ஜினீயரிங் படித்த இடம் அது. அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்த 40 கிலோ செயற்கைக்கோள் 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் 2011 அக்டோபரில் போயிற்று. எடை 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சத்தியபாமா மாணவர்கள் செய்தது 2016 ஜூனில். அதன் எடை ஒன்றரைக் கிலோ. மளிகைக் கடையில் வாங்கும் துவரம் பருப்புப் பொட்டலம் போல! ஒரே பேட்டைச் சுற்றுவட்டாரத்திலிருந்து மூன்று செயற்கைக்கோள்கள். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண் குழந்தை கேள்வி கேட்கும்போது இன்னும் சுலபமாக அடக்கிவிடுகிறோம். "நீ இதைத் தெரிந்துகொண்டு ராக்கெட்டா விடப்போகிறாய்?" என்கிறோம். விட்டவர்கள் இருக்கிறார்கள்! 2019ல் போன சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் வனிதா கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். அரியலூர்க்காரரான வளர்மதி, 2012ல் போன ரிசாட்-1 திட்டத்தின் இயக்குநர். ராக்கெட் கிளம்பும் நேரத்தில் எண்ணிக்கை சொல்லும் குரலாகவும் இருந்தார். 2023ல் அந்தக் குரல் மறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைப் பெண். அது நிற்கும் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டர். நம் ரயில் பாதைக் கணக்கில் சாத்துக்குடியிலிருந்து பத்து மீட்டர். இந்த மூவரும் சின்ன வயதில் ஏதோ கேட்டிருப்பார்கள் அல்லவா? "வாயை மூடு" என்ற பதிலோடு எல்லாம் நின்றுபோயிருந்தால்?

மொட்டை மாடிப் பள்ளிக்கூடம்

படித்துவிட்டு மூடிவைக்கிற விஷயம் அல்ல இது. செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

நிழல் காணாமல் போகும் நாள்: சென்னைப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு நாள், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு டம்ளரை மாடியில் சமதளத்தில் கவிழ்த்து வையுங்கள். ஏப்ரலில் பகல் பன்னிரண்டே காலுக்கு முன், சுமார் 12 மணி 7 நிமிஷத்துக்கு, டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்டில் சில நிமிஷம் தாமதம். குழந்தையையும் நிற்க வைத்து, "உன் நிழல் எங்கே?" என்று கேளுங்கள். சூரியனை மட்டும் வெறும் கண்ணால் பார்க்க விடாதீர்கள்.

ஓடும் நட்சத்திரம்: அந்தி மயங்கிய வேளையிலோ விடியும் முன்போ, சிமிட்டாமல் விறுவிறுவென்று ஓடும் ஒரு பிரகாசமான புள்ளியைச் சில நாள் பார்க்கலாம். அதுதான் மனிதர்கள் தங்கியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோ மீட்டர் உயரம். இங்கிருந்து மதுரைக்குப் பறந்து போகும் தூரம்தான். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நாளில் பதினாறு சூரியோதயம். பதினாறு தடவை காப்பி போடவேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி!

இவற்றை இன்றும் பார்க்கலாம். ஆனால் வேறு சிலவற்றை நம் குழந்தைகள் இழந்துகொண்டிருக்கிறார்கள். ஆகாய கங்கை என்று நம் பாட்டிமார் காட்டிய வெண்மையான ஒளிப் பட்டை, ஊர் விளக்கு வெளிச்சத்தில் தாம்பரத்து மாடிகளிலிருந்து தெரிவதில்லை. வானசாஸ்திரிகளும் இதற்காகத்தான் ஊரைவிட்டுத் தள்ளிப் போகிறார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986லிருந்து 2.34 மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள பெரிய டெலஸ்கோப் இருக்கிறது. 1988ல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறு கிரகத்துக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

காவலூர் போக முடியாவிட்டால் பாதகமில்லை. 1988லிருந்து நடக்கும் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனால், அமாவாசையை ஒட்டிய இரவில் திண்ணை விளக்கை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, எல்லாருமாக நிமிர்ந்து பாருங்கள்.

கேட்ட கேள்விக்கெல்லாம் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்குத் தெரியவில்லை. வா, இரண்டு பேருமாகத் தேடுவோம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். இன்று மாலை அடுப்பு வேலை முடிந்ததும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். கையில் ஒரு சாத்துக்குடியும் ஒரு கோலிக்குண்டும் இருக்கட்டும்.